படுக்கும் முன் லாவெண்டர்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

வேலை முடிந்தாலும் வேலை பற்றிய நினைப்பு முடியாத ஆட்களில் நானும் ஒருத்தி. படுத்ததும் நாளைய மீட்டிங், பதில் போடாத மெயில் என்று ஒவ்வொன்றாக வரும். அதற்காகத்தான் அறையில் மணத்தைப் பரப்பும் டிஃப்யூசர் கருவியில் லாவெண்டர் எண்ணெய் விட ஆரம்பித்தேன். இப்போது முன்பைவிடச் சீக்கிரம் தூங்கிவிடுகிறேன். ஆனால் அதில் எண்ணெயின் பங்கைவிடப் பழக்கத்தின் பங்குதான் அதிகம் என்பது என் கணிப்பு.

முதல் சில வாரங்கள் அறை மணத்தது, அவ்வளவுதான். டிஃப்யூசரைப் போடுவதும் லேப்டாப்பை மூடுவதும் ஒரே நேரத்தில் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் மாற்றம் தெரிந்தது. நாளாக ஆக, அந்த மணம் வந்ததுமே தோள் தளர்ந்து கொட்டாவி வரும். மற்ற புலன்களின் செய்திகள் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்குக்குப் போகின்றன. மணமோ அந்த இடத்தில் நிற்காமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள அமிக்டலா பகுதிக்கு நேராகவே போகிறது. ஒரு மணமும் ஒரு மனநிலையும் எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதனால் பகலில் வேலை செய்யும்போது லாவெண்டர் பக்கமே போக மாட்டேன். வெளியூர் போனால் பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், புது இடத்திலும் தூக்கம் வருகிறது.

லாவெண்டர் எல்லாம் ஒன்றல்ல. லேபிளில் ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் முக்கியமாக இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற மணப் பொருள்கள். ஸ்பைக் லாவெண்டர் என்ற வேறு வகையில் கற்பூரக் காரம் தூக்கலாக இருக்கும், தைலம் தடவிய மாதிரி மூக்கில் ஏறும். ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்று விற்பது பெரும்பாலும் செயற்கை வாசனை. பெப்பர்மின்ட், ரோஸ்மேரி இரண்டும் எனக்குப் பகலுக்குத்தான் சரி.

100 மி.லி. தண்ணீருக்கு 3 சொட்டு, அரை மணி நேர டைமர். கொஞ்ச நேரத்தில் மணம் போய்விட்டது போலத் தோன்றும். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். அதற்காகச் சொட்டைக் கூட்டினால் தலைவலிதான் மிஞ்சும்.

ஆராய்ச்சிகள் உண்டு, ஆனால் பல சிறியவை. மணத்தை ஒளிக்க முடியாது என்பதால், தனக்குக் கிடைப்பது லாவெண்டரா வெறும் தண்ணீரா என்று பங்கேற்பவருக்கே தெரிந்துவிடும். மாலை காபி குடித்த அன்றைக்கு எந்த எண்ணெயும் எனக்கு உதவியதில்லை. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிபிடி-ஐ (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) முறையில் மாத்திரையே கிடையாது. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலும் எண்ணெயை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டிஃப்யூசர் போடாதீர்கள். பூனை இருந்தால் இன்னும் கவனம், சில எண்ணெய்களை அதன் கல்லீரலால் சரியாகச் சிதைக்க முடியாது. எண்ணெயை அப்படியே தோலில் தடவவும் கூடாது. காற்றுப்பட்டுப் பழசான லினலூல் தோல் அலர்ஜியைத் தரும். அதனால் நான் சின்ன, அடர்நிற பாட்டிலாகவே வாங்கி, மூடியை இறுக்கி வைக்கிறேன்.