பனிக்கல்லறையைத் தேட எது சிறந்தது: செய்மதியா, ராடாரா?

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்கள் கடலடியிலும் கிடக்கின்ற திருகோணமலையில், தோண்டாமலே அறிவது எப்படி என்ற கேள்வி எங்களுக்குப் புதிதன்று. அதே கேள்வி மிகக் கூர்மையாக எழுவது தென் சைபீரியாவின் அல்தாய் மலைகளில். கி.மு. 5 முதல் 3 வரையான நூற்றாண்டுகளில் பசிரிக் என்ற நாடோடி மக்கள் தங்கள் கல்லறைகள்மேல் எழுப்பிய கற்குவியல்களுக்கு அடியில் கசிந்த நீர் உறைந்து, துணியையும் குதிரைகளையும் பச்சை குத்திய தோலையும்கூடக் காத்து வைத்திருக்கிறது. 1993இல் அங்குள்ள உகோக் மேட்டுநிலத்தில் ரஷ்யத் தொல்லியலாளர் நத்தாலியா பொலொஸ்மாக் திறந்த கல்லறையில் பனிக்கட்டியை வெந்நீர் ஊற்றியே கரைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை கரைந்தது பழையபடி ஆகாது.

செய்மதியின் பலம் பரப்பில் உள்ளது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா உளவுக்காக எடுத்து, 1995இல் பொதுப் பாவனைக்கு விடுவித்த ‘கொரோனா’ செய்மதிப் படங்களில் சிறந்தவற்றில், ஏறத்தாழ 2 மீற்றர் அளவுள்ள பொருளும் தெரியும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடும் ஒரு பக்கம் நிழல் வீழ்த்திய சிறு வட்டமாய் நிற்கும். பள்ளத்தாக்கு முழுவதையும் மேசையிலிருந்தே வரைபடமாக்கலாம். ஆனால் அந்த வட்டத்தின் அடியில் பனி இன்னும் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது.

அதைச் சொல்லவேண்டியது, மண்ணுக்குள் வானொலி அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் படிக்கும் தரை ஊடுருவும் ராடார். அதன் அலை ஈரமண்ணில் செல்வதைவிடப் பனிக்கட்டியில் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக, அதிகம் தேயாமல் செல்லும். கோடையில் மேல்மண் இளகிச் சேறாகும்போது அது தடுமாறும் என்பதால், தரை இன்னும் உறைந்திருக்கும் வசந்தத்தின் தொடக்கமே உகந்தது. தரையில் மின்முனைகளை அறைந்து மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் மின்தடை அளவீடும் உதவும், பனி மின்சாரத்தை எளிதில் கடத்தாததால். ஆனால் உலர்ந்த கற்குவியலும் அப்படித்தான் என்பதால், தனியே அதை நம்பி ஒரு கல்லறையில் கைவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதோடு, உறைந்த தரையில் அறைந்த மின்முனையைச் சுற்றி உப்புநீர் ஊற்றினால்தான் நல்ல மின்தொடர்பு கிடைக்கும்.

ஆகவே கல்லறை எங்கே என்பதற்குச் செய்மதி, திறக்கலாமா என்பதற்கு ராடார். இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் நான் ராடாரைத்தான் கேட்பேன், ஏனெனில் தவறான கல்லறையைத் திறப்பதே மீளாத இழப்பு.

ஆனால் அதே ராடாரை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தால், உப்புநீர் ஊறிய மணல் அலையைச் சில அடிக்குள்ளேயே விழுங்கிவிடும். இங்கு அது பயன்படவேண்டுமாயின் கரையை விட்டு உள்ளே, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாய் போன்ற இடங்களின் மேட்டுநிலங்களில், மாரி தொடங்குமுன் ஆவணியில் முயலவேண்டும்.