டென்வர் லியோபோல்டு பிரதர்ஸ்: மூன்று அறைக் கொதிகலனில் வடித்த ரை

கோதுமைக்கு உறவான ரை (rye) தானியத்தில் வடிக்கும் ரை விஸ்கி என்றதும் மிளகுக் காரத்தை எதிர்பார்த்துப் போனால், லியோபோல்டு பிரதர்ஸ் வடிசாலையில் முதல் மடக்கிலேயே குழம்பிப்போவீர்கள். 1999இல் மிச்சிகனில் மதுக்கூடமாகத் தொடங்கி, 2008இல் கொலராடோ மாநிலத்தின் டென்வருக்கு இடம் மாறிய சகோதரர்களின் தொழில் இது. சுற்றிக்காட்டும் நாட்களும் நேரமும் மாறலாம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

முதலில் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், தயாராகும் கூடம். ஊறிய பார்லியைத் தரையில் பரப்பி, முளை விட விடக் கிளறிவிடுகிறார்கள். கிளறாமல் விட்டால் முளைக்கும் தானியம் தன் சூட்டிலேயே வெந்துபோகும், வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் கேழ்வரகு முளைகட்டியவர்களுக்கு இந்த வாசனை புதிதில்லை. இங்கே நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆனால் நேரத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள், கொதிகலன் முன்னால் அது தேவைப்படும்.

ரை தானியத்தோடு மல்லுக்கட்டுவது லேசில்லை. அதிலுள்ள அராபினோசைலான் என்ற பிசின் தண்ணீரை உறிஞ்சி, மாவுக் கரைசலைக் களியாக்கிவிடும். நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும். நேரடி நெருப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். அந்தத் தீய்ந்த வாடை கடைசிப் பாட்டில் வரை நீங்காது. அக்காலத்து அமெரிக்க ரை வடிசாலைகள் இதற்குக் கண்ட வழிதான் மூன்று அறைக் கொதிகலன். வழக்கொழிந்த அதைப் பழைய ஆவணங்களை வைத்து, லூயிவில்லின் வெண்டோம் நிறுவனத்திடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். நொதித்த கரைசல், தானியத் திப்பியோடு, மேலறையில் இறங்கும். நீராவி கீழிருந்து ஏறும். ஓர் அறையில் நன்றாக வெந்த பிறகே வால்வைத் திறந்து அடுத்த அறைக்கு விடுகிறார்கள். நெடுநெடுவென்ற தூண் வடிவக் கொதிகலனில் (column still) சில நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே நிதானமாக நடக்கிறது. அதனால் சாராயத்தோடு தானியத்தின் எண்ணெயும் வடிந்து வருகிறது. இட்லிப் பானையில் தட்டு தட்டாக ஆவி ஏறுவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

இந்தக் கொதிகலனில் வடிக்கும் த்ரீ சேம்பர் ரையில் 80 சதவீதம் அப்ருஸ்ஸி என்ற பழைய ரக ரை, மீதி 20 சதவீதம் அந்தத் தரை மால்ட். அப்ருஸ்ஸியில் மாவுச்சத்து குறைவு, ஒரு மூட்டைக்குக் கிடைக்கிற சாராயமும் குறைவு. விலை 200 டாலரைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டில்ட் இன் பாண்ட் என்ற அமெரிக்கச் சட்ட முத்திரை இருப்பதால் 50 சதவீத ஆல்கஹால், பீப்பாயில் குறைந்தது 4 ஆண்டு இருப்பு என்பது சட்டப்படி உறுதி.

சுவைக்கும் வரிசை முக்கியம். 43 சதவீத மேரிலாண்ட் ஸ்டைல் ரையை முதலில் கேளுங்கள்: மென்மை, பழவாசனை, காரம் அடக்கம். த்ரீ சேம்பர் கடைசியில் வரட்டும். முந்திவிட்டால் நாக்கில் எண்ணெய் படிந்து மற்றதெல்லாம் தண்ணீராகத் தெரியும். ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். லாவெண்டர், தேன், ஆரஞ்சுத் தோல் மேலே வரும். குடிக்கும்போது வாய் முழுக்க வழவழவென்று ஒரு கனம். காரம் தொண்டையில் பிறகுதான் எட்டிப் பார்க்கும். தண்ணீர் சேர்ப்பதானால் சொட்டுச் சொட்டாக, நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும். இந்த விலைக்கு அது அநியாயம்.

மேரிலாண்ட் ஸ்டைல் தினசரிக்கு, காக்டெயிலுக்கு ஏற்றது. த்ரீ சேம்பரை ருசிக்காமல் பாட்டிலாக வாங்காதீர்கள். மிளகுக் காரம் தேடுகிறவர்களுக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

காரை விட்டுவிட்டுப் போங்கள். கொலராடோவில் ரத்த ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டினாலே வழக்கு பாயலாம். டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீரும் நிறையக் குடியுங்கள். ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான்.