வி-கிராஸுக்கு லிஃப்ட் கிட், பெரிய டயர்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து வீட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் மண் பாதை. ஜீப்புகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி நடுவில் மேடு நிற்கும், ஐப்பசி மழையில் அந்தத் தடம் இன்னும் அரை ஜாண் ஆழமாகிவிடும். என்னுடையது 2017 மாடல் இசுஸு வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ். நல்ல வண்டி, இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூட்டை ஏற்றி வரும்போது பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃப்ரன்ஷியல் உருண்டை (இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) அந்த நடு மேட்டில் உரசும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அதனால்தான் லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயரமாக்குகிற ஸ்பிரிங்கும் துள்ளலை அடக்குகிற ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு, போட்டு வண்டியை உயர்த்துவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர், கடை பெயர் வேண்டாம். ஒரு பட்டறையில் முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் ஆளுக்கொரு ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டுகிற கட்டை, பின்னால் பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு கோக்கிற ஷேக்கிள் நீளமானதாக, அவ்வளவுதான், இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வண்டி பார்க்க கம்பீரமாக நின்றது. ஸ்ட்ரட்டின் மேல் ஒரு அங்குலம் வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் உயரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு அடி விழும், ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு இழுபட்டு முட்டுகிற சத்தம் அது. நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் மிதந்தது. நான்கு மாதத்தில் முன் அச்சின் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்பக்கம் முழுக்க கிரீஸ் தெறித்துக் கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாற்றினேன். போன காசு போனதுதான்.

அப்புறம்தான் கோவையில் இருக்கிற இன்னொரு பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக அரை நாள் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே மூத்த மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு உயரம் வேண்டும் என்பதல்ல. "தம்பி, பின்னாடி தினமும் எவ்வளவு வெயிட் ஏத்துவீங்க? சீசன்ல மட்டுமா, வருசம் பூராவுமா?" அறுவடை மாதங்களில் ஐம்பது கிலோ மூட்டை ஏழெட்டு, மற்ற நாளில் உரமும் சாமானுமாக நூறு கிலோ போல என்றேன். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் ஸ்பிரிங் தேர்வுக்கே போனார். லிஃப்ட் கிட்டில் ஸ்பிரிங்கை பாரத்துக்குத் தகுந்தபடி எடுக்க வேண்டும், கனமான பட்டையைப் போட்டுவிட்டு காலி வண்டியாக ஓட்டினால் முதுகு போய்விடும் என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. "லிஃப்ட் போட்டா சேஸிஸ் ஏறும், பாடி ஏறும். டிஃப்ரன்ஷியல் ஏறாதுங்க. அது அச்சோட இருக்கு, அச்சு டயர் மேல உட்கார்ந்திருக்கு. அதை ஏத்தணும்னா டயரைத்தான் பெருசாக்கணும்." யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய விஷயம்! என் பிரச்சினையே அந்த உருண்டைதான், நானோ முதல் தடவை டயரைத் தொடாமல் வெறும் ஸ்பேசருக்குப் பணம் கட்டியிருந்தேன். அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் சுற்றவும் திரும்பவும் உள்ளே இடம் வேண்டும், அதற்கு. அப்புறம் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் முன் பம்பர் இடிக்காமல் இருக்க, அதற்கும்.

போட்டது இவைதான். ஓல்ட் மேன் ஈமு கிட், ஆஸ்திரேலியத் தயாரிப்பு, மஞ்சள் நிற ஷாக், 40 மி.மீ. உயரம். கம்பெனி டயர் 245/70 ஆர்16, அதற்குப் பதில் 265/75 ஆர்16 ஆல் டெரெய்ன் (தாரிலும் மண்ணிலும் ஓடுகிற வகை). டயர் விட்டத்தில் சுமார் 54 மி.மீ. கூடியது, அதில் பாதி, அதாவது 27 மி.மீ., அச்சுக்குக் கீழே கிடைத்த உயரம். ஐந்து டயர் வாங்கினேன், ஸ்டெப்னியும் அதே அளவு. ஃபோர் வீல் போட்டு ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் கியர்பெட்டியிலிருந்து அச்சு வரை எல்லாம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். டயரெல்லாம் சேர்த்து எண்பதாயிரம், கிட்டும் கூலியும் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ஆனது.

வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர்கள் தடுக்கவில்லை. ஒரு காட்சி மனதில் நிற்கிறது. பின் பட்டையின் முனையில் ரப்பர் வளையத்துக்குள் (புஷ்) போகிற போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கையால் மட்டும் முடுக்கி வைத்தார்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்னால் இரண்டு ஆள் ஏறி நின்று குலுக்கி, அது தன் இயல்பான உயரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைப் பையன் மல்லாக்கப் படுத்தபடி அடியில் போய், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 'டிக்' சத்தம் வரும்வரை இறுக்கினான். தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும் என்று காரணமும் சொன்னான். இருபது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அலைன்மென்ட், கடைசியில் ஹெட்லைட்டை இறக்கி வைத்தார்கள், வண்டி உயர்ந்ததும் வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும் என்பதால்.

எட்டு மாதத்தில் கண்டதைச் சொல்கிறேன். நடு மேட்டில் உரசல் நின்றுவிட்டது, போன மழையில்கூட ஒரு தடவையும் கேட்கவில்லை. மூட்டையோடு வந்தாலும் பின்பக்கம் குந்துவதில்லை. குழியில் விழுந்தால் ஒரே அமுக்கில் அடங்குகிறது, முன்பு போல இரண்டு மூன்று முறை துள்ளுவதில்லை. சேற்றில் டயர் காற்றை 24 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கிவிட்டால் போதும், நான்கு சக்கரமும் பிடிக்கிறது. மேலே வந்து மறுபடி 36 அடிக்க ஒரு கையடக்க கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன்.

கொடுத்த விலையும் உண்டு. டயர் கனம் என்பதால் எடுப்பு மந்தமாகிவிட்டது, முன்பு இரண்டாவது கியரில் ஏறிய கொண்டை ஊசி வளைவில் மூட்டை இருந்தால் இப்போது முதல் கியர் கேட்கிறது. பிரேக்கைக் கொஞ்சம் முன்னதாகவே மிதிக்கப் பழகிக்கொள்ள வேண்டும், வளைவில் சாய்வும் சற்றுக் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது ஜி.பி.எஸ்ஸில் 86 வருகிறது, வேகக் கட்டுப்பாடு உள்ள சாலையில் இதை மறக்கக் கூடாது. மைலேஜ் 12-இலிருந்து 10.4-க்கு விழுந்துவிட்டதாக முதலில் பதறினேன், ஆனால் கிலோமீட்டரையும் அதே ஏழு சதவீதம் குறைத்துத்தானே மீட்டர் காட்டும்? கணக்குப் போட்டால் உண்மையில் 11.1 சொச்சம். முழுக்கத் திருப்பும்போது டயர் மட்ஃப்ளாப்பில் லேசாக உரசியது, அதை மட்டும் ஓரம் வெட்டினார்கள்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். மொத்தம் 67 மி.மீ. உயர்ந்துவிட்டது, முழங்கால் வலியோடு அவரால் ஏற முடியவில்லை. உள்ளே எப்போதும் ஒரு மர முக்காலி வைத்திருக்கிறேன். வயதானவர்கள் தினமும் ஏறி இறங்குகிற வண்டி என்றால் நான் லிஃப்டே வேண்டாம் என்பேன்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். இந்தப் பட்டறையில் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பதில் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களும் இதை முடிக்காமல் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள், விபத்து என்று ஒன்று நடந்தால் க்ளெய்ம் இந்த இடத்தில்தான் நிற்கும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அவர்களே போன் செய்து கூப்பிட்டார்கள். போனேன். பட்டையை அச்சோடு பிடித்து வைக்கிற யூ-போல்ட் நான்கில் இரண்டு மட்டும் கால் சுற்றளவு தளர்ந்திருந்தது, புதுப் பட்டை படிந்து உட்காரும்போது இப்படி ஆகும் என்று சொல்லி மறுபடி இறுக்கி, அலைன்மென்டையும் சரிபார்த்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. அடுத்து பத்தாயிரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள், தை அறுவடை முடிந்ததும் போக வேண்டும்.