ஃபாகுஸ் ஆலை, ஆல்ஃபெல்ட்: லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவனின் பார்வையில்

ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். லாஸ்ட் என்றால் என்னவென்று தொழிலுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. கால் வடிவத்தில் ஒரு கட்டை. அதன் மேல் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதித் தோலை, இழுத்து, மடித்து ஒட்டி, சோல் வைத்தால்தான் ஷூ. வேலை முடிந்ததும் கட்டையை உருவிவிடுவோம். ஷூ கடைக்குப் போகும், கட்டை அடுத்த ஷூவுக்குப் போகும்.

அந்தக் கட்டையைச் செய்வதற்காகவே கட்டிய ஒரு ஆலை ஜெர்மனியில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது என்று ஹனோவரில் படிக்கும் என் மகள் சொன்னாள். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்த பிறகு, தொழில் தெரிந்த ஒவ்வொருவரும் இதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஹனோவரிலிருந்து கோட்டிங்கன் போகும் பாதையில் இருக்கிறது ஆல்ஃபெல்ட். ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்பே, "அப்பா, அங்க பாருங்க" என்றாள். தண்டவாளத்தை ஒட்டி மஞ்சள் செங்கல்லும் கண்ணாடியுமாக மூன்று மாடிக் கட்டடம். இது தற்செயலாக அமைந்ததல்ல. ரயிலில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் முகப்பை இந்தப் பக்கம் வைத்தார் முதலாளி கார்ல் பென்ஷைட். தண்டவாளத்துக்கு மறுபக்கம் இருந்தது அவர் முன்பு வேலை பார்த்த பெஹ்ரன்ஸ் லாஸ்ட் ஆலை. பல வருடம் அதை நிர்வகித்தவர், 1910இல் அங்கிருந்து விலகி, 1911இல் நேர் எதிரே சொந்த ஆலையைத் தொடங்கினார். உள்ளூரில் பணம் திரட்டவில்லை. அமெரிக்காவுக்குப் போய், பாஸ்டனில் இருந்த யுனைடெட் ஷூ மெஷினரி கம்பெனியின் முதலீட்டோடு திரும்பினார். மகனும் தொடக்கத்திலிருந்தே கூட நின்றார். கம்பெனிக்கு ஃபாகுஸ் என்று பெயர். லத்தீனில் பீச் (beech) மரத்தை அப்படித்தான் சொல்வார்கள், பழம் தரும் பீச் இல்லை. அன்றைக்கு லாஸ்ட் பெரும்பாலும் பீச் மரத்தில்தான்.

கட்டடக்கலை படித்தவர்கள் இங்கே வால்டர் குரோப்பியஸ் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பின்னால் 1919இல் வைமாரில் பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். இந்த வேலை வந்தபோது வயது இருபத்தேழு. எட்வார்ட் வெர்னர் என்ற கட்டடக்கலைஞர் ஆலைக்கு முழு வரைபடமும் போட்டுக் கொடுத்திருந்தார். தளங்களின் அமைப்பு பென்ஷைட்டுக்குப் பிடித்திருந்தது, முகப்புதான் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வேலை கேட்டுக் கடிதம் எழுதியவர் குரோப்பியஸ். அவரும் அடால்ஃப் மேயரும் சேர்ந்து வெளித்தோற்றத்தை மாற்றினார்கள். பேர் இல்லாத ஒரு இளைஞனை நம்பிப் புது ஆலையின் முகத்தையே கொடுத்த முதலாளியைத்தான் நான் முதலில் பாராட்டுவேன். கடன் வாங்கித் தொழில் தொடங்குகிற யாரும் அவ்வளவு லேசாக அந்த முடிவை எடுக்கமாட்டார்கள்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். தயவுசெய்து மூலையில் போய் நில்லுங்கள். அங்கே தூணே கிடையாது. இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒரு மெல்லிய இரும்புச் சட்டத்தில் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். உள்ளே படிக்கட்டு திரும்பி மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரிகிறது. கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள செங்கல் தூண்கள் மேலே போகப்போகக் கொஞ்சம் உள்ளே சாய்கின்றன. அதனால் கண்ணாடி முன்னால் தொங்குவது போல இருக்கிறது. ஒவ்வொரு தளமும் வருகிற இடத்தில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் இரும்புத் தகடு. அடியில் கருஞ்செங்கல் பீடம். நான் அந்த மூலையிலேயே அரைமணி நேரம் நின்றேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்றால், வெளிச்சம். லாஸ்டிங்கில் அப்பரின் நடுத்தையல் குதிகாலுக்கு நேராக நிற்கிறதா என்று கண்ணால்தான் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஜோடி சேராது. நான் வேலை கற்ற இடத்தில் பகலிலும் டியூப்லைட்தான், சாயங்காலத்தில் கண் எரியும். பென்ஷைட் இயற்கை மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். காற்றும் வெளிச்சமும் தொழிலாளிக்கு வேண்டும் என்பதைக் கட்டடத்தின் அழகோடு சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

பலர் முகப்பைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பழைய சரக்குக் கிடங்கில் பல தளங்களுக்குக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அங்கே மர லாஸ்ட் வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் எனக்கு என் ஃபோர்மேன் ஞாபகம் வந்துவிட்டது. சேர்ந்த முதல் வாரம் ஒரு பழைய மர லாஸ்ட்டைக் கையில் கொடுத்து, "தம்பி, லாஸ்ட் கோணினா ஷூ கோணும், முதல்ல இத தடவிப் பழகு" என்றார். 41ஆம் சைஸ், வலது கால். அடியில் ஆணித் துளைகள், குதிகால் பக்கம் தேய்ந்த தகடு, மேலே கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. உட்புறத்தில் கால் பெருவிரலுக்கு நேர்கோடு, வெளிப்புறத்தில் சுண்டுவிரலுக்கு வளைவு. டோ ஸ்பிரிங் என்று சொல்கிற அந்த முன்பக்கத் தூக்கல் இல்லாவிட்டால் நடக்கும்போது ஷூ தடுக்கும். இதெல்லாம் ஒரே கட்டைக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு மாடல் போட வேண்டுமென்றால் எல்லா சைஸுக்கும் ஜோடி ஜோடியாக லாஸ்ட் வேண்டும். அதனால்தான் இதற்கென்று தனி ஆலையே தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற ஒரு மாணவர் கூட்டத்துக்கு மகள் மொழிபெயர்க்க, நான் இதை விளக்கினேன்.

ஆலை ஒரே மூச்சில் கட்டியதில்லை. குரோப்பியஸுடன் வேலை 1925 வரை நீண்டது. 1946இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2011இல், ஆலை தொடங்கிச் சரியாக நூறாவது வருடம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இன்னமும் இங்கே உற்பத்தி நடக்கிறது. கம்பெனி இன்றும் ஒரு குடும்பத்தின் கையில்தான். லாஸ்ட் இப்போது மரத்தில் இல்லை, பிளாஸ்டிக்கில் கடைகிறார்கள். அதோடு மரத் தொழிற்சாலைகளுக்கான அளவீட்டுக் கருவிகளும், தூசி போகும் குழாயில் தீப்பொறி பறந்தால் கண்டுபிடித்து அணைக்கும் கருவிகளும் செய்கிறார்கள். மரத்தூளில் ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்பது மரம் கடைந்தவர்களுக்குத் தெரியாதா!

இயங்கும் ஆலை என்பதால் நினைத்த இடத்துக்கெல்லாம் நுழைய முடியாது. வழிகாட்டியோடு சுற்றுவதற்கு முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிடங்குக் கண்காட்சி, அப்புறம் முகப்பு என்ற வரிசையில் பாருங்கள். லாஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்தால் கட்டடம் வேறு மாதிரி தெரியும். அரைநாள் ஒதுக்குங்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். திரும்பும்போது ஹனோவர் ரயிலில் ஆலைப் பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கண்ணாடி மூலை இன்னொரு முறை கடந்து போகும்.