கடுக்காய்த் தண்ணீரும் ஒரு கோணி ஊசியும்: எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட்ட மேஸ்திரியின் வேலை

மன்னார்குடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை என் தாத்தா 1934-ல் கட்டினார். முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தளம்; பின்கட்டு ஓட்டுக்கூரை, நடுவே முற்றம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் நானும் என் அம்மாவும் இங்கேயே இருக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வீசியபோது பின்கட்டு ஓடுகளில் பாதி பறந்தன. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான் செய்த செலவுகள் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டில் உருப்படியான செலவு என்று நான் சொல்லக்கூடியது 2024 மாசியில் ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்த வேலைதான். அதைப் பற்றியே இந்த மதிப்புரை. அவருக்கு எழுபது வயது. கைப்பேசியில் ஓயாமல் அழைப்பு வந்தால் சமாளிக்க முடியாது என்பதால் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரைப் போன்றவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021-ல் ஒரு நிறுவனத்தார் வந்து மொட்டைமாடி முழுவதும் ரப்பர் போன்ற ஒரு பூச்சைத் தடவினார்கள். பத்து வருடம் உத்தரவாதம் என்று அட்டை கொடுத்தார்கள். வாங்கிய தொகை 92,000 ரூபாய். முதல் மழைக்கு ஒழுகவில்லை. இரண்டாம் வருட ஐப்பசியில் கூடத்தின் மேற்கு மூலையில் சொட்டத் தொடங்கியது. மழை நின்று நான்கு நாள் ஆன பிறகும் சொட்டு நிற்கவில்லை. அழைத்தால், சுவரில் விரிசல் இருக்கிறது, அது உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். தம்பி பெங்களூரிலிருந்து, இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்றான். அம்மா அன்று சாப்பிடவில்லை.

கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர் என்று தெரிந்தவர்கள் சொல்லித்தான் மேஸ்திரியை அழைத்தேன். காலை ஏழு மணிக்கு வந்தார். கையில் அளவு நாடாகூட இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மழை பெய்யும்போது இந்த வீட்டில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அறுபது வருடம் இந்த வீட்டில் வாழ்ந்த எனக்கு அதற்குச் சரியான பதில் தெரியவில்லை. மாடிக்குப் போய், கிணற்றிலிருந்து இருபது குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக ஊற்றச் சொன்னார். அவர் ஓரமாகக் குந்தியபடி தண்ணீர் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அது தேங்கி நின்றது. பூச்சுத் தடவியவர்கள், மாடித் தண்ணீர் வெளியே போகும் தூம்பின் வாயையும் சேர்த்து மெழுகி அரை அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். சுவரின் அடியில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. சுவரும் தளமும் சேரும் அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர், மேலே பூச்சு அடைத்திருந்ததால் ஆவியாகிப் போக வழியில்லாமல் தளத்துக்குள்ளேயே தங்கி, மெதுவாகக் கீழே கசிந்திருக்கிறது. மழை நின்ற பிறகும் ஏன் சொட்டியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு கீழே வந்து ஏணி கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தார். கூடத்தின் மேலே பதினான்கு தேக்குக் கட்டைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஊசியை வைத்து அழுத்தினார். பெரும்பாலான இடங்களில் ஊசி முனை பதியவே இல்லை. ஒன்பதாவது கட்டையில், மேற்குச் சுவர்ப் பக்கம், ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் இறங்கியது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரமான, காப்பித் தூள் நிறத்து மரத்துகள் ஒட்டியிருந்தது. பத்தாவதும் அப்படியே. கீழேயிருந்து பார்த்தால் இரண்டும் மற்றவற்றைப் போலவே பளபளவென்று இருந்தன. கட்டை நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் புதைந்து காற்று படாத முனையில்தான் கெடும் என்றார். அந்த இரண்டு கட்டைகளுக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில் கிடந்தது. அன்றே நகர்த்தினோம்.

சுவர்களைக் கரணைப் பிடியால் தட்டித் தட்டி, பொள்ளென்று ஒலித்த இடங்களில் கரியால் வட்டம் போட்டார். கூடத்துச் சுவரில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் வரை தொட வேண்டாம் என்றார். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தது. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்பதற்கு அது அடையாளம். வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் என்று பொருள்.

இந்த இரண்டு நாள் பார்வைக்கு அவர் வாங்கியது 1,500 ரூபாய். வேலையைத் தராவிட்டாலும் இந்தப் பணம் தர வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். இத்தனை வருடச் செலவில் இந்த 1,500 ரூபாய்க்கு ஈடாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

வேலையின் வரிசையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் மாடித் தண்ணீர் வெளியே போக வழி. அடுத்தது கட்டை முனைகள். அதன்பின் தளம். பிறகு ஓடு. சுவர் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் தளம் முடிந்து இரண்டு மாதம் காயவிட்ட பிறகு. நானும் தம்பியும் போட்டிருந்த திட்டத்துக்கு இது நேர் எதிர். தம்பி மகளுக்கு வைகாசியில் நிச்சயதார்த்தம், அதற்குள் சுவருக்கு வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. "மேலே ஒழுகுவது நின்றால் சுவர் பாதி தானாகவே காயும், தம்பி. காயாத சுவரில் அடிக்கிற வண்ணத்துக்கு என் பேரைச் சொல்லாதீர்கள்" என்றார். நிச்சயதார்த்தம் வண்ணம் அடிக்காத கூடத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூச்சைச் சுரண்டி எடுக்கவே ஆறு நாள் ஆனது. கட்டை வேலைக்குத் தச்சரை அவரே அழைத்து வந்தார். சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, அழுகிய முனைகளை வெட்டி, பழைய தேக்கையே வாங்கி ஒட்டுச் சேர்த்து, இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார்கள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி விரல் கடை அளவு இடைவெளி விட்டார்கள், காற்று படுவதற்காக.

தள வேலையைத்தான் நான் நாள் முழுவதும் நின்று பார்த்தேன். நீற்றிய சுண்ணாம்பு முன்பே தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு பீப்பாயில் போட்டு ஊறவைத்தார்கள். ஒரு வாரத்தில் அது புளித்து, தெருமுனை வரை நெடி அடித்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புக் காரையும் கலந்து நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, ஆறு பேர் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் அடித்தார்கள். இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளித்தார்கள். முதல் நாள் ஒவ்வோர் அடிக்கும் கட்டை அமிழ்ந்தது, ஓசையும் ஈரத் துணியில் அடிப்பதுபோல் மந்தமாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை ஓசை இறுகியது. மூன்றாம் நாள் பகல், அடித்த கட்டை தானாகத் துள்ளித் திரும்பியது, மேலே தடம் விழவில்லை. வரிசையின் தலையில் இருந்த அம்மாள் கையை உயர்த்தினார், எல்லோரும் நிறுத்தினார்கள். நான்கு அங்குலம் மூன்றாக இறுகியிருந்தது. அதன்மேல் இரண்டு வரிசை தட்டோடு பதித்து, தூம்பை நோக்கி நல்ல வாட்டம் கொடுத்து, கைப்பிடிச் சுவர் சேரும் இடத்தைச் சரிவாக உருட்டி மெழுகினார்கள். பங்குனி வெயிலில் வெடிக்காமலிருக்க வைக்கோல் பரப்பி, பத்து நாள் காலையும் மாலையும் நனைக்கச் சொன்னார். அந்தப் பத்து நாளும் நனைத்தது நான்.

ஏன் சுண்ணாம்பு, சிமெண்ட் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது போன கரியமில வாயுவைக் காரை காய்கிறபோது காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. அதனால் மெதுவாகத்தான் இறுகும். ஆனால் அதன் வழியே ஈரம் உள்ளே வந்தாலும் வெளியே போக முடியும். பழைய செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் கூடத்தில் 1990-களில் யாரோ இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய ஓதம் அந்தச் சிமெண்டைத் தாண்ட முடியாமல் அதற்கு மேலே போய் மார்பளவில் உப்புப் பூத்து நின்றது. சுவர் வேலை தொடங்கியபோது மேஸ்திரி அந்தச் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்தார். உள்ளே செங்கல் கருத்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. கெட்ட கற்களை மாற்றி, சுண்ணாம்புக் காரை பூசி, வெள்ளையடித்தார். சுண்ணாம்பு வெள்ளை சட்டையில் ஒட்டும், முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது சாய்வதற்கு ஒரு பாயை மாட்டியிருக்கிறோம்.

ஓட்டு வேலையில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களான ரீப்பர்களை மாற்றினார், மங்களூர் ஓடுகளில் நல்லவற்றைப் பொறுக்கிப் பழைய இடத்திலேயே வைத்தார், முகட்டு ஓடுகளைக் காரையில் பதித்தார். ஓரத்து இரண்டு வரிசைகளைக் கம்பியால் கட்டினார். புயலில் முதலில் கிளம்புவது ஓரம்தானாம்.

இன்னொரு சிறு காரியம். கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் இருந்த நான்கு காற்றுத் துளைகளை, ஏசி போட்டபோது நாங்கள் செங்கல் வைத்து அடைத்திருந்தோம். அவற்றைத் திறக்கச் சொன்னார். சூடான காற்று மேலே போய் வெளியேறவும் கட்டைகள் உலரவும் அந்தத் துளைகள் வேண்டும் என்றார். குருவி வராமல் வலை மட்டும் அடித்தோம். 2023 மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடத்தில் அப்பாவின் சுவர்த் தெர்மாமீட்டர் காட்டியதைவிட 2024 மே மாதத்தில் மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. இரண்டு வருட வெயிலும் ஒன்றல்ல, ஆனாலும் அம்மா மதியம் கூடத்திலேயே படுக்கிறார்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து எழுதக் கூடாது. நாற்பத்தைந்து நாளில் முடியும் என்றார், ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் சுவர் காயவிட்டது, அதைக் குறை சொல்லவில்லை. மீதி நாட்களில் கோயில் வேலை என்று பத்து நாள், உறவில் சாவு என்று ஒரு வாரம் ஆளே வரவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. மதிப்பீட்டை எழுதித் தரும் வழக்கம் அவரிடம் இல்லை. நான் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மணலுக்கும் ஜல்லிக்கும் ரசீது கிடைக்கவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு மனம் பொறுக்காதது, சுண்ணாம்பில் வெறுங்காலோடு வேலை செய்ய விட்டது. ஒரு சித்தாளின் கணுக்கால் புண்ணாகிவிட்டது. மறுநாளே ஆறு ஜோடி ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் செய்திருக்க வேண்டும். மின்கம்பி வேலையையும் அவர் தொடமாட்டார். காரைக்குள் துணி சுற்றிய பழைய கம்பி கிடைத்தபோது, ஒயர்மேனை நானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். 640 சதுர அடி தளத்துக்கு 1,86,000. கட்டை வேலை 38,000. ஓடு 74,000. சுவர் 81,000. பார்வைக் கூலியோடு மொத்தம் 3,80,500 ரூபாய். சிமெண்ட் வேலையைவிட இது கூடுதல்தான். ஆனால் 92,000 ரூபாய் பூச்சு இரண்டு மழைகூடத் தாங்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கடலில் நகராமல் நின்றபோது டெல்டா முழுவதும் கொட்டிய மழையில் நான் மூன்று முறை டார்ச்சோடு எழுந்து கூடத்தின் மேற்கு மூலையைப் பார்த்தேன். ஒன்பதாவது, பத்தாவது கட்டைகளுக்குக் கீழே கைவைத்தும் பார்த்தேன். ஈரமில்லை. தூம்பு வழியாகத் தண்ணீர் கொட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்கட்டில் ஓர் ஓடு நகர்ந்து அடுப்பங்கரையில் சிறிது ஒழுகியது. சொன்னேன், மறுநாளே வந்து சரிசெய்தார், கூலி வாங்கவில்லை.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு இவருடைய வேலை பொருந்தாது. தேக்குக் கட்டையும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு உள்ளவர்கள் மட்டும் இப்படிப்பட்ட ஒருவரைத் தேடுங்கள். பழைய கோயில்களில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரித்தால் ஆள் கிடைப்பார். அவர் வந்ததும் மாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறாரா, கட்டை முனையைச் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். வந்தவுடன் சதுர அடிக்கு இவ்வளவு என்று தொகை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். ஐப்பசிக்கு முன் தளம் காய்ந்திருக்க வேண்டும் என்பதால் தையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

எங்களுக்கு இன்னும் குளியலறைச் சுவரின் வெளிப்புறம் பாக்கி இருக்கிறது, அங்கேயும் சிமெண்ட் பூசியிருக்கிறது. பொங்கல் கழிந்து வருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். கடுக்காய் ஐந்து கிலோ வாங்கி வைத்துவிட்டேன்.