பொள்ளாச்சியில் ஒரு பிரேக் வேலை

பிரேக்கை மிதித்தால் ஸ்டீரிங் உதறுகிறது என்று போய் நின்றால், பெரும்பாலான கடைகளில் "டிஸ்க்கும் பேடும் மாத்திடலாங்க" என்றுதான் பதில் வரும். மச்சானும் அப்படித்தான் மாற்றியிருந்தார். டபுள் கேபின் பிக்கப். முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது), பின்னால் டிரம் பிரேக் (சுற்றும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது). தேங்காய், உரமூட்டை, கல்யாணத்துக்குப் போகும் சொந்தபந்தம் எல்லாம் அதில்தான். நான் ஊருக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் புது டிஸ்க், புது பேட் போட்டு, பெரிய பில்லும் கட்டியாயிற்று. இரண்டு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் உதறல் திரும்ப வந்துவிட்டது.

வால்பாறை போய்விட்டு இறங்கும்போது எனக்கே அது கையில் தெரிந்தது. ஆழியாறு பக்கம் இருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடாகாமல் இருக்க, ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். மச்சான் அதைப் பாதிதான் கேட்பார். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்டுக்கு வந்து சேர்வதற்குள் வலது சக்கரத்தில் கருகல் நாற்றம். நிறுத்தினோம். மற்றவர்கள் வரையாட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் சக்கரத்துக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் இருப்பது டெக்சஸில். அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேர லேபரே 100 டாலரைத் தாண்டும் என்பதால் பேட் மாற்றுவதெல்லாம் வீட்டு வாசலில் நானே செய்துகொள்வது. அதனால் இந்த முறை மச்சானோடு நானும் கிளம்பினேன். போனது உடுமலை ரோட்டில் ஒரு சின்னப் பட்டறை. தகரக் கூரை, பக்கத்திலேயே லேத் (கடைசல் இயந்திரம்).

மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துப்போனது. "ஏனுங்ணா, ஆட்டம் கையில தெரியுதுங்களா, சீட்டுல தெரியுதுங்களா?" கையில் என்றால் பெரும்பாலும் முன் டிஸ்க், சீட்டிலும் பெடலிலும் என்றால் பின் டிரம் முட்டை வடிவமாகியிருக்கலாம். எங்களுக்குக் கையில்தான், கொஞ்சம் சீட்டிலும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, லேத்திலிருந்து, துளி ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்து வந்தார். மேக்னட் ஸ்டாண்டை ஒட்டி, கேஜின் முனையை டிஸ்க் ஓரத்தில் தொட வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் 0.15 மி.மீ. வரை ஆடியது. பொதுவாக 0.1 தாண்டினாலே ஆகாது.

டிஸ்க் கோணிவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அது மாட்டியிருந்த நடுப்பகுதியான ஹப்பைக் காட்டினார். டிஸ்க் உட்காரும் முகத்தில் புட்டு மாவு அப்பினாற்போல் துரு. முந்தைய இடத்தில் அதைத் தேய்க்காமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பக்கம் துளி தூக்கினால் ஓரத்தில் அது பெரிதாகிவிடும். அப்படி ஆடுகிற டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கொரு தடவை பேடை உரசும். உரசின இடம் மட்டும் தேயும். நாளாக ஆகத் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். தலைமுடியைவிட மெல்லிய 0.02 மி.மீ. வித்தியாசமே ஸ்டீரிங்கை உதற வைக்கப் போதும். போட்ட புதிதில் நன்றாக இருந்து பிறகு கெட்டதற்குக் காரணம் அதுதான்.

வலது பக்கம் இன்னொன்றும் இருந்தது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்வதற்கான பின் வறண்டு இறுகி, பேட் சாய்வாகத் தேய்ந்து, சூட்டில் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. லோம்ஸ் வியூவில் நாறியது இதுதான்.

டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமமாக்கிவிடலாமே என்றார் மச்சான். "கடையலாங்ணா, ஆனா இது மலை ஏறுற வண்டி. டிஸ்க் மெலிஞ்சா சூடு தாங்காதுங்க" என்றார் மெக்கானிக். டிஸ்க் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும்; அதற்கு மேலே இடம் இருந்தும் அவர் ஒப்பவில்லை. சரி, இரண்டு பக்கமும் புதிது.

ஸ்பேர்ஸ் கடையில் மூன்று விலையில் மூன்று சாமான் கவுண்டருக்கு வந்தது. விலை குறைந்த பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கரே இல்லை. பேட் விஷயத்தில் நம் ஊரில் குறையே கிடையாது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது, ரானே இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டு, அசல்தானா என்று பெட்டியில் இருக்கும் க்யூஆரை அங்கேயே ஸ்கேன் செய்து வாங்குவதில் என்ன கூச்சம்? "பில் வேணுங்களா?" என்ற கேள்வியும் வந்தது. பில் இல்லாவிட்டால் கொஞ்சம் குறைப்பார்களாம். உதிரிப் பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் இந்தப் பேச்சு போகவில்லை. பில்லோடுதான் வாங்கினோம். டிஸ்க்கில் ஏதாவது குறை என்றால் கையில் காகிதம் வேண்டுமல்லவா.

மாட்டிய விதம் சுத்தம். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரியாலும் பளபளவென்று தேய்த்து, புது டிஸ்க்கின் எண்ணெயைத் துடைத்து, காலிப்பர் பின்னுக்கு அதற்கான கிரீஸ் தடவி, மறுபடி டயல் வைத்தார். முள் 0.03-க்குள் நின்றது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் மட்டும் கிடையாது. நட்டை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் கையால் இறுக்கினார். "பஞ்சர் கடையில கன் வெச்சு ஒரே அடியா முறுக்க விடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

குறை சொல்வதென்றால், பையன் பிரேக் தூசியை மாஸ்க் இல்லாமல் கம்ப்ரஸர் காற்றில் ஊதினான். ஜாக்கிக்குத் துணையாக வைத்தது ஒரு மரக்கட்டை. சொன்னேன், சிரித்தார்கள்.

லேபர் 1,200 ரூபாய். அந்த டயல் கேஜுக்கே அதைக் கொடுக்கலாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, ஆழியாறு ரோட்டில் 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் பல தடவை ஓட்டினோம். ஸ்டீரிங் அசையவில்லை. சீட்டில் அந்த லேசான ஆட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. பின் டிரம்மைக் கடைய வேண்டும், ஒரு நாள் வண்டியை விட வேண்டியிருக்கும். தேங்காய் வெட்டு முடியட்டும் என்கிறார் மச்சான்.