ஏற்காடு ஏறும் டைனமோ கார்: பழைய கட்டவுட்டா, எலக்ட்ரானிக் ரெகுலேட்டரா, ஆல்டர்னேட்டரா?

டைனமோ (இன்ஜின் சுழற்ற, பேட்டரிக்குக் கரண்ட் தரும் பழைய கால ஜெனரேட்டர்) வைத்த பழைய காரின் சார்ஜிங் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் காட்டிக்கொடுத்துவிடும். பனிமூட்டத்தில் ஹெட்லைட், சாரலுக்கு வைப்பர், வளைவுக்கு வளைவு ஹாரன். வேகம் குறைந்ததும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், அதாவது பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். லேண்ட்மாஸ்டரோ பழைய அம்பாசிடரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர் சேலத்துக்கு இறங்கி எலக்ட்ரீசியனிடம் காட்டினால், "டைனமோவே வேண்டாங்க, ஆல்டர்னேட்டர் போட்டுடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆல்டர்னேட்டர் என்பது அதே வேலைக்கு இன்றைய கார்களில் இருக்கும் ஜெனரேட்டர். அவசரப்பட வேண்டாம் என்பேன். டைனமோ நன்றாக இருந்தால், சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர் பெட்டிக்குள்ளேயே எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பொருத்துவதுதான் சரியான வழி.

முதலில் பழையதைப் பார்ப்போம். லூகாஸ் கம்பெனியின் ஆர்பி106 என்ற ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு காயில். ஒன்று கட்டவுட். டைனமோ ஏறத்தாழ 13 வோல்ட் தந்ததும் அதைப் பேட்டரியோடு சேர்க்கும், இன்ஜின் தணிந்தால் பிரித்துவிடும். மற்றது ரெகுலேட்டர். வோல்டேஜ் ஏறினால் பாயிண்ட் (தொட்டும் விலகியும் இயங்கும் உலோக முனை) திறந்து, ஃபீல்டு கரண்டை, அதாவது டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் கரண்டை, ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக அனுப்பிக் குறைக்கும். இறங்கினால் பாயிண்ட் மூடிக்கொள்ளும். நொடிக்குப் பல முறை இப்படித் துடித்துக்கொண்டே இருக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப வோல்டேஜை மாற்ற இரட்டை உலோகப் பட்டை, லோடு கூடினால் வோல்டேஜைத் தாழ்த்தத் தனிச் சுற்று என்று அதற்குள் அத்தனை யோசனை இருக்கிறது. பின்னால் வந்த ஆர்பி340-இல் கரண்டைக் கட்டுப்படுத்தவே மூன்றாவது காயில் வந்தது. மட்டமாகப் பேச மனம் வராது.

ஆனால் பாயிண்ட் கருகும். ஈரக்காற்றில் களிம்பு பிடிக்கும். பெரிய ஆபத்து கட்டவுட் பாயிண்ட் ஒட்டிக்கொள்வதுதான். வண்டியை அணைத்த பிறகும் பேட்டரியின் கரண்ட் டைனமோ வழியே பின்னோக்கிப் பாய்ந்து ஒயரையே சுட்டுவிடும். இதற்கு மேல், கண் அளவில் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்கிறேன் என்று கிளம்புபவர்களும் உண்டு.

எலக்ட்ரானிக்கில் கட்டவுட்டின் வேலையை டயோடும், பாயிண்டின் வேலையை டிரான்சிஸ்டரும் செய்கின்றன. ஒட்டிக்கொள்ளப் பாயிண்டே கிடையாது. வோல்டேஜ் 14.2 பக்கம் ஆடாமல் நிற்கும், இன்றைய மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிக்கு அது நல்லது. வாங்கும்போது மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கரண்ட் லிமிட் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்துபோன பேட்டரி கேட்டதையெல்லாம் கொடுக்கப் பார்த்து, டைனமோவுக்குள் சுழலும் ஆர்மேச்சர் எரியும். லூகாஸ் டைனமோக்களில் சி39 மாடல் தருவது 19 ஆம்பியர், சி40 தருவது 22, லிமிட் அதற்குள் இருக்க வேண்டும். அடுத்து எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), மாற்றி இணைத்தால் ரெகுலேட்டர் போய்விடும். மூன்றாவது சூடு. சாதாரண சிலிக்கான் டயோடில் 20 ஆம்பியர் ஓடினால் 14 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் வரும். அது இறங்க அடித்தகடு பாடியோடு ஒட்டி உட்கார வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த ரெகுலேட்டர் போட்டாலும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) டைனமோ கூடுதலாகத் தராது. வளைவில் முள் சாயத்தான் செய்யும். ஆனால் செகண்ட் கியரில் இழுத்து ஏறும்போதும், அதே கியரில் இறங்கும்போதும் இன்ஜின் வேகமாகத்தான் சுற்றுகிறது, விட்டது திரும்ப ஏறிவிடும். 60 வாட் பல்பு இரண்டு போட்டால் அவையே 10 ஆம்பியர் தின்னும். டெயில் லைட்டையும் உள்விளக்கையும் எல்இடிக்கு மாற்றினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆல்டர்னேட்டர் ஐடிலிலும் சார்ஜ் செய்யும். தினமும் இருட்டிலும் பனியிலும் மலை ஏறி இறங்குபவருக்கு அதுவே சரி, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற வேண்டும், மெயின் ஒயரைத் தடிமனாக்க வேண்டும், 30 ஆம்பியர் வரை மட்டுமே காட்டும் பழைய மீட்டரையும் கவனிக்க வேண்டும். பானட்டைத் திறந்தால் தெரியும் டைனமோவின் அந்த நீள உருளையும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஓடும் வண்டிக்கு இத்தனையும் தேவையில்லை.

எதை வாங்கும் முன்பும் டைனமோவைச் சோதியுங்கள். டைனமோவில் டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்டு முனை) என்ற டெர்மினல்களின் ஒயர்களைக் கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் சின்ன ஒயரால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட் மீட்டர் வையுங்கள். இன்ஜினை மெதுவாக ஏற்றினால் முள் தடங்கலின்றி ஏற வேண்டும், 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயிலையும், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரையும் பாருங்கள். அசைவே இல்லையென்றால் முதலில் கார்பன் பிரஷ். எல்லாம் சரியென்றால் ரெகுலேட்டரைப் பொருத்தலாம். எர்த்தை மாற்றியிருந்தாலோ டைனமோ வெகுநாள் சும்மா கிடந்திருந்தாலோ, ரெகுலேட்டரைப் பொருத்தும் முன் டைனமோவின் காந்தம் சரியான திசையில் அமைய, எஃப் ஒயர் கழன்றிருக்கும்போதே பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் டெர்மினலில் கணநேரம் தொட்டு எடுங்கள். ரெகுலேட்டரை இணைத்த பிறகு இதைச் செய்யவே கூடாது.